பிடித்துக்கொண்ட ஹேண்டில்: பெரியப்பாவின் ஆயில் இன்ஜினை ஓட வைத்த வேலை

ஹேண்டில் ஷாஃப்டை விட்டுக் கழன்று வராது. ஷாஃப்ட் சுற்றாது. எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து பிடித்து, சுற்றுவதற்கு லேசாக்கும் டிகம்ப்ரஷன் லீவர் தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. பெரியப்பாவின் பம்புசெட் கொட்டகையில் கிடந்த 6 ஹெச்பி ஆயில் இன்ஜினை நான் கையில் எடுத்தபோது அதன் நிலைமை இதுதான். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே யோசனை: "ஹேண்டில்ல ஒரு பைப்பைச் சொருகி நாலு பேர் தொங்குங்க, விட்டுடும்." அப்படித் தொங்கியிருந்தால் ஹேண்டில் முறிந்திருக்கும், இல்லையென்றால் ஷாஃப்டில் ஹேண்டில் பிடிக்கும் பள்ளமான காடி பிய்ந்திருக்கும். இந்த வேலை முழுக்க நான் ஹேண்டிலைப் பிடித்து இழுக்கவே இல்லை. கடைசியில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அதைப் பிடித்துச் சுற்றினோம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், சுத்தமான கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வரும். அது கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, எங்கள் வாய்க்காலை நனைக்கும்போது மேல்மடைக்காரர்கள் களையே எடுத்து முடித்திருப்பார்கள். வந்த தண்ணீரும் மடை ஏறாது; வாய்க்காலின் அடியில் கிடக்கும். இறைத்துத்தான் நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். போர் போடலாமே என்றால், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது உப்புத் தண்ணீர். அதனால்தான் மின் மோட்டார் வந்த பிறகும் எங்கள் பக்கம் ஆயில் இன்ஜினுக்கு மரியாதை குறையவில்லை.

இது லிஸ்டர் வகை இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சிஎஸ் மாடலைப் பார்த்து நம் நாட்டில், முக்கியமாகக் குஜராத்தின் ராஜ்கோட்டில், பட்டறை பட்டறையாக வார்த்துத் தள்ளியது. ஒரே சிலிண்டர், நின்ற வாக்கில். சிலிண்டரின் உள்விட்டம் நாலரை அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஐந்தரை அங்குலம். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்றாகக் கனத்த ஃப்ளைவீல். நிமிடத்துக்கு 650 சுற்று, அதற்கு மேல் போகாது. அதற்கு முந்தைய பல இன்ஜின்களில் தலையை ஊதுவிளக்கால் சுட்டுக் காய்ச்சித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. இது அந்தத் தொல்லை இல்லாமல், குளிர்ந்த நிலையிலேயே கையால் சுற்றினால் பற்றிக்கொள்ளும். பெயரில் இருக்கும் சிஎஸ் அதைக் குறிப்பதுதான்: கோல்ட் ஸ்டார்ட்.

துருவுக்குக் காரணம் 2018 நவம்பர் 16. கஜா புயல் கொட்டகைக் கூரையைத் தூக்கியது. கூடவே சைலன்சர் குழாயின் வாயில் பெரியப்பா கவிழ்த்து வைத்திருந்த பால்பவுடர் டின்னையும். லீவர் தூக்கியிருந்ததால் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே இருந்தது. வானத்தைப் பார்த்த குழாய், திறந்த வால்வு, அதற்கு நேர் கீழே பிஸ்டன். மழைக்கு இதைவிட நல்ல வழி வேறு எதற்கு? அதற்குப் பின் வந்த வருடங்களில் யாரும் அதன் பக்கம் போகவில்லை. பெரியப்பாவும் இல்லை.

முதல் வேலையாகப் பம்பிலிருந்து பெல்டைக் கழற்றினேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்ஜின் சுற்றவில்லை என்று எல்லாரும் பார்ப்பது இன்ஜினைத்தான். பெல்டின் அந்தப் பக்கம் பம்பின் இம்பெல்லர் சேறும் துருவுமாக இறுகியிருந்தாலும் ஹேண்டில் அசையாதுதான். பெல்டை எடுத்துவிட்டுப் பம்பு புல்லியைத் தனியாகச் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சுற்றியது. ஆக, கோளாறு இன்ஜினுக்குள்தான்.

அடுத்து டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது. அதன் தலையில் செங்கல் பொடி மாதிரி துரு. கிராங்க் கேஸின் அடித் திருகைத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர், நன்றாக ஒரு சொம்பு இருக்கும். அதன் பின்னால்தான் கறுத்த ஆயில் கூழாக இறங்கியது. பக்கத்துக் கதவைத் திறந்து கையை விட்டுத் தடவியதில் கனெக்டிங் ராடும் பேரிங்கும் ஆயில் பூச்சோடு பளபளப்பாகவே இருந்தன. நல்ல சேதி. சைலன்சர் குழாயில் குளவி மண்கூடு வைத்திருந்தது. அதைக் கம்பியால் குத்தி எடுக்கவே ஒரு மத்தியானம் போயிற்று.

இப்போது நிலவரம் தெளிவாகிவிட்டது. பிடித்திருப்பவை மூன்று: சிலிண்டரின் உட்குழலான லைனருக்குள் பிஸ்டன் ரிங், வால்வின் தண்டு ஓடும் கைடுக்குள் எக்ஸாஸ்ட் வால்வு, ஷாஃப்டின் மேல் ஹேண்டில். மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாதவை. ஹேண்டிலை இழுத்தால் அந்த இழுப்பு மூன்றில் எதன் மேல் போய் விழுகிறது என்று தெரியாமலே இழுப்போம். தனித்தனியாகத்தான் விடுவிக்க வேண்டும்.

பிஸ்டனுக்கு டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து நாசில் துளை வழியாக ஊற்றினேன். மண்ணெண்ணெயும் செய்யும், ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் டபிள்யூடி-40 இந்த மாதிரி ஆழமான துருவுக்குப் பத்தாது என்பது என் கட்சி. ஊறவைத்துக் காத்திருப்பதுதான் மருந்து. கீழே கிராங்க் கேஸில் ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். ஆரம்பத்தில் அது காய்ந்தே கிடந்தது. ஒரு வாரம் கழித்து அதில் சொட்டுச் சொட்டாகச் செங்காவி நிறத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. ரிங்கைத் தாண்டி வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் இறங்கியதும் சுற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் பிஸ்டன் பாதி வழியில் நிற்கிறது, அதற்கு மேலே உள்ள லைனர் சுவர் முழுக்கத் துரு. அப்படியே மேலே தள்ளினால் ரிங் அந்தத் துருமேட்டில் போய் மாட்டும்; உடைந்தாலும் உடையும். அதனால் ஹெட்டைக் கழற்றினேன். எப்படியும் வால்வுக்காகக் கழற்ற வேண்டியதுதான். ஸ்டட்டுகளில் முந்தின நாளே எண்ணெய் விட்டு, நட்டை ஒரே மூச்சில் திருகாமல் கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் பாதையில் உப்புப் பொருக்கு விரல் கனத்துக்கு இருந்தது. வடிகால் தண்ணீரை வைத்துக் குளிரவைத்த இன்ஜின், வேறென்ன இருக்கும்?

மேல் லைனரை உப்புத்தாளில் டீசல் தொட்டுக் குறுக்கு மறுக்காகத் தேய்த்தேன். பிஸ்டன் ஓரத்து இடுக்கில் துருப்பொடி இறங்காதபடி முதலில் கிரீஸை ஒரு வளையமாகப் பூசிவிட்டு, தேய்த்து முடித்ததும் அந்தக் கிரீஸை வழித்து எடுத்தேன். பொடி எல்லாம் அதோடு வந்துவிட்டது. சுவரில் அங்கங்கே குழி தெரிந்தது. புது இன்ஜின் ஆகாது, தண்ணீர் இறைக்கும்.

பிஸ்டனை அசைப்பதற்குக் கருவேலங்கட்டையில் ஒரு உருளையை லேத்தில் கடைந்து வாங்கினேன், லைனருக்குள் தாராளமாக நுழையும் அளவுக்கு. அதை பிஸ்டன் தலையில் நிறுத்தி மேலே சுத்தியலால் தட்டல், அடி இல்லை. அதே நேரம் சித்தப்பா மகன் ஃப்ளைவீல் விளிம்பில் வடக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, சுற்ற வேண்டிய பக்கமாக ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டான். சிலர் ஃப்ளைவீல் ஆரங்களுக்கு நடுவே கடப்பாரையை விட்டு நெம்புவார்கள். வார்ப்பு இரும்பு வளையாது, உடையும். ஆரம் உடைந்த ஃப்ளைவீலோடு இன்ஜினை ஓட்டுவதற்கு அதை ஓட்டாமலே விடலாம்.

பிஸ்டன் நடுவழியில் நின்றது ஒரு வகையில் எங்கள் அதிர்ஷ்டம். உச்சியிலோ அடியிலோ நின்றிருந்தால் மேலிருந்து தட்டுகிற தட்டு ஷாஃப்டைச் சுற்றாது. நேரே பேரிங்கில் போய் இறங்கும். பாதியில் நின்றால் கிராங்க் பக்கவாட்டில் இருக்கும், தட்டு சுழற்சியாக மாறும். விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேரே கட்டையில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தபோது அவன்தான் சொன்னான், "அண்ணே, கோடு நவுந்துருக்கு." ஒரு நெல் அகலம் இருக்கும். உடனே நிறுத்தி, எண்ணெய் விட்டு, வந்த வழியே பின்னால் இழுத்தோம். மறுபடி முன்னால். முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே போனதில் சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. ரிங்குகளையும் கழற்றிப் பார்த்தேன். ஒன்று பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன்.

இனி ஹேண்டில். நான் அதிகம் யோசித்ததும் இதற்குத்தான்.

இந்த ஹேண்டில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏன் இவ்வளவு பாடு என்பது புரியும். ஹேண்டிலின் தலை ஒரு குழல். அது இரண்டு அங்குல ஷாஃப்ட் முனையில் சொருகும். ஃப்ளைவீலை இறுக்கும் சாவி உட்கார்ந்திருக்கும் காடி அந்த முனை வரைக்கும் நீண்டிருக்கும். ஹேண்டில் தலையில் ஒரு சின்ன நாக்கு ஊசலாடும். அது தன் கனத்தில் அந்தக் காடிக்குள் விழும். நாம் சுற்றும்போது நாக்கு காடியின் சுவரைப் பிடித்து ஷாஃப்டை இழுத்துப் போகும். இன்ஜின் பற்றிக்கொண்டு நம் கையை முந்தினால், காடியின் மறு ஓரம் நாக்கைத் தூக்கிவிடும். ஹேண்டில் சும்மா நிற்கும், ஷாஃப்ட் உள்ளே சுற்றும், நாம் உருவி எடுத்துவிடலாம். ஆக அந்த நாக்குக்கு வேலை இரண்டு: பிடிப்பதும் விடுவதும். பிடிக்காவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். விடாவிட்டால் 650 சுற்றில், நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல், அந்த இரும்புக் கை காற்றில் சுழலும். எப்போது கழன்று யார் மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் ஹேண்டில் உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். ஷாஃப்டோடு ஒட்டிய ஹேண்டில் அதைவிட மோசம்.

அதனால் பிஸ்டன் விட்டுவிட்டதே, ஹேண்டிலை அப்படியே வைத்துச் சுற்றிப் பார்க்கலாமே என்று சித்தப்பா மகன் கேட்டபோது முடியாது என்றுவிட்டேன்.

முதலில் நாக்கு ஊசலாடும் அச்சான ஊசி. இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பொருத்தமான இரும்புப் பஞ்ச் ஒன்றை வைத்துத் தட்டியதில் ஊசி வந்துவிட்டது. நாக்கையும் நெம்பி எடுத்தேன். குழலும் ஷாஃப்டும்தான் ஒரே இரும்பாகக் கிடந்தன. கடல் காற்றில் ஊறிய துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடைவெளி முழுவதும் துருவால் இறுகி ஆப்பு அடித்தது போல் ஆகிவிடும். மூன்று கால் புல்லர் போட்டால் ஹேண்டிலின் கை குறுக்கே நின்றது. கேஸ் கட்டரால் குழலை அறுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அறுக்கிறவன் கை அரை மில்லி இறங்கினால் ஷாஃப்ட் போயிற்று. ஹேண்டில் போனால் வேறு செய்துகொள்ளலாம், ஷாஃப்ட் போனால் இன்ஜினே போனது மாதிரி.

டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் வந்து பார்த்துவிட்டு, அரை அங்குலத் தகட்டில் துளை போட்டு, குழலுக்குப் பின்னால் மாட்டும்படி இரண்டாகப் பிளந்த ஒரு வளையமும், முன்னால் ஷாஃப்ட் முனையில் ஊன்றும் ஒரு போல்ட்டும் வைத்துத் தனிப் புல்லரே செய்துகொடுத்தார். "தம்பி, இறுக்கிட்டு விட்டுடு. அதுமேல முரட்டுத்தனம் பண்ணாத. சூடு ஹேண்டிலுக்குத்தான், ஷாஃப்டுக்கு இல்ல. அது ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. இரும்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். ஷாஃப்டைவிடக் குழல் 100 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் இரண்டு அங்குல விட்டத்தில் கிடைக்கும் இடைவெளி 0.06 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். துருவின் பிடி தளர அது போதும். ஆனால் சூட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஷாஃப்டும் சூடேறிக் கூடவே விரிந்துவிடும், இடைவெளி மிஞ்சாது. சட்டென்று காய்ச்சி, சட்டென்று இழுக்க வேண்டும்.

டீசல் டாங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்தேன். ஊறவைத்த எண்ணெயை எல்லாம் துணியால் துடைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். புல்லரை இறுக்கி, ஷாஃப்டின் வெளியே தெரிந்த முனையில் ஈரத்துணி சுற்றி, கேஸ் டார்ச்சைக் குழலைச் சுற்றி ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடும் சூடு வந்ததும் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுக் கால் சுற்று. ஒன்றும் இல்லை. ஆறவிட்டு, துருவின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். மிதமான சூட்டில் மெழுகு உருகி இடுக்கில் இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி சூடு. இந்தத் தடவை போல்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே 'டங்'கென்று ஒரு சத்தம். குழல் ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. மீதி புல்லரின் வேலை.

ஷாஃப்ட் முனையைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதைப் பலர் செய்வார்கள். அடி வாங்கிய முனை காளான் மாதிரி விரிந்துவிடும், அப்புறம் எந்த ஹேண்டிலும் நுழையாது. உள்ளே பேரிங்குக்கும் அந்த அடி போகும். எங்கள் ஷாஃப்டிலேயே பழைய அடித் தழும்பு இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ போட்டது. அதை மெல்லிய அரத்தால் சமன் செய்தேன். காடியின் ஓரங்களில் இருந்த பிசிறையும் எடுத்தேன், ஓரத்தை மழுக்காமல். மழுங்கினால் நாக்கு வழுக்கும்.

குழலின் உட்புறத்துக்கு விளக்குமாற்றுக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி ஆணி அடித்துக் கடைந்தேன். எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு என் அளவு இது: ஷாஃப்டில் சொருகிய ஹேண்டில், கையால் தொட்டால் தானாகத் தொங்கி ஊசலாட வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பழைய நாக்கின் முனை உருண்டு போயிருந்தது. லேத் அண்ணன் லாரிப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு துண்டை வெட்டிப் புதிதாகச் செய்து கொடுத்தார். நாக்கின் ஊசிக்குக் கிரீஸ் வைக்காதீர்கள். களத்துத் தூசியும் கிரீஸும் சேர்ந்தால் நாக்கு காடியில் விழாமலோ, விழுந்து எழாமலோ நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். ஹேண்டிலை மாட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு, ஃப்ளைவீலை ஓடும் திசையில் கையால் சுற்றச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நாக்கு 'டிக்' என்று எழுந்து விழுந்தது, ஹேண்டிலை இழுக்கவில்லை. இது சரியாக வராமல் எந்த இன்ஜினிலும் கை வைக்கக் கூடாது.

வால்வு வேலையை நீட்டவில்லை. ஸ்டெம்மை எண்ணெயில் ஊறவைத்து, கையால் திருகித் திருகிக் கைடிலிருந்து எடுத்தேன். கரியைச் சுரண்டி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டு சீட்டில் தேய்த்து உட்கார வைத்தேன். ஹெட்டைக் கவிழ்த்து டீசல் ஊற்றி வைத்ததில் மறுநாள் காலை வரை கசியவில்லை. லீவரின் மூட்டையும் விடுவித்தேன். புது பேக்கிங் போட்டு ஹெட்டை இறக்கி, 40 நம்பர் ஆயில் ஊற்றி, டீசல் பைப்பில் ஏர் எடுத்தேன்.

ஸ்டார்ட் பண்ணுகிற அன்று ஹேண்டிலைப் பிடிக்கும் விதத்தை சித்தப்பா மகனுக்குக் காட்டிக் கொடுத்தேன். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம். கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. உதைத்தால் ஹேண்டில் விரல்களைத் திறந்துகொண்டு போய்விடும், கட்டைவிரலைக் கொண்டுபோகாது. வேட்டி கட்டிக்கொண்டு வந்தவனைக் கால்சட்டை போட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

லீவரைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தான். ஃப்ளைவீல் கனத்துக்கு முதல் சுற்றுகள்தான் பாரம், அப்புறம் அதுவே கையை இழுத்துப் போகும். நாசிலிலிருந்து 'கிரீச் கிரீச்' என்று சத்தம் கேட்டது, டீசல் இறங்குகிறது. "விடு" என்றதும் லீவரைத் தட்டிவிட்டான். ஒரு உறுமல், வெள்ளைப் புகை, நின்றுவிட்டது. மறுபடி நல்ல வேகம் வந்தபிறகு லீவரை விட்டோம். தட்... தட்... தட் என்று பிடித்துக்கொண்டது. ஹேண்டில் அவன் கையில் அசையாமல் நிற்க, உள்ளே ஷாஃப்ட் சுற்றியது. சிரித்துக்கொண்டே உருவி எடுத்துவிட்டான். புகை கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

முதல் ஓட்டத்தின் ஆயிலை அன்றைக்கே வடித்துவிட்டு மாற்றினோம். அடியில் துருப்பொடி மினுங்கியது. தண்ணீர் பைப் மூட்டில் கசிவு இருக்கிறது. பாரம் இல்லாமல் ஓடும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஏறி இறங்கித் தடுமாறுகிறது. அதன் ஸ்பிரிங்கையும் மூட்டுகளையும் இனித்தான் பார்க்க வேண்டும். சைலன்சர் குழாய் வாயில் டின்னைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டியாயிற்று. ஹேண்டிலுக்குச் சுவரில் ஒரு ஆணி அடித்தாயிற்று. ஷாஃப்டில் விட்டுவிட்டு யாரும் கொட்டகையைப் பூட்டக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பம்பின் ஃபுட் வால்வுத் தோல் வெடித்துப் போயிருக்கிறது. நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவதற்குள் அதை மாற்ற வேண்டும்.